படகுக்கு முன் ட்ரெய்லர்

மெல்பர்னில் படகு வாங்கக் கிளம்பும் நம்மவர்களைப் பல வருடங்களாகக் கவனிக்கிறேன். படகின் நீளம், இன்ஜினின் குதிரைத்திறன், அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, மீன் காட்டும் கருவி எந்தக் கம்பெனி, திரை எத்தனை அங்குலம் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார்கள். பேரம் படிந்து கைகுலுக்கும் நேரத்தில், படகை ஏற்றிக் காரின் பின்னால் கட்டி இழுக்கும் வண்டியைப் பற்றி "ட்ரெய்லர் எப்படி?" என்று ஒரு கேள்வி வரும். "நல்லா இருக்கு, போன வருஷம்தான் பேரிங் மாத்தினேன்" என்று ஒரு பதில் வரும். அதோடு சரி. விளம்பரங்களும் இதற்கு ஒத்து ஊதுகின்றன. படகு, இன்ஜின், ட்ரெய்லர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை போட்டிருப்பார்கள். அந்த மொத்த விலையைக் குறைத்துக் காட்ட வேண்டுமென்றால் வியாபாரி எதில் கை வைப்பார்? படகில் வைத்தால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். இன்ஜினில் வைத்தாலும் தெரிந்துவிடும். ட்ரெய்லரில் வைத்தால் யாருக்கும் தெரியாது.

எனக்கு இது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஐந்தரை மீட்டரிலிருந்து ஆறரை மீட்டர் வரையுள்ள படகை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் துறைமுகத்தில் கட்டி வைப்பதில்லை. அது தண்ணீரில் மிதக்கும் நேரம் கொஞ்சம்தான். மற்ற நாளெல்லாம் வீட்டு வாசலில் ட்ரெய்லர் மேலேதான் கிடக்கிறது. கடலில் இன்ஜின் நின்றுபோனால் ரேடியோவில் கூப்பிடலாம், யாராவது வந்து கட்டி இழுத்துப் போவார்கள். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ட்ரெய்லரின் சக்கரம் கழன்றால் அது எதிரே வரும் காரைத் தேடிப் போகும். பிரின்சஸ் நெடுஞ்சாலையில் ட்ரரால்கனைத் தாண்டி ரோஸ்டேல் போகிற வழியில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறேன். அழகான ஃபைபர் படகு ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒரு பக்கத்துச் சக்கரம் அதன் நடுப்பாகமான ஹப்போடு காணோம். ஆக்சிலின் முனை தார்ச்சாலையில் தேய்ந்து கூர்மையாகி, நீலமாகக் கருகியிருக்கிறது. தள்ளிப் புல்மேல் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். சக்கரம் யார்மேலும் படவில்லை என்பது அவர்கள் அதிர்ஷ்டம். அந்தப் படகின் இன்ஜின் அப்போதைய புது மாடல் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

பருத்தித்துறை அண்ணனின் வள்ளம்

டாண்டினாங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஓர் அண்ணன் இருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். சின்ன வயதில் கடலோடு வளர்ந்தவர், படகைப் பற்றி அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமே கிடையாது. அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன கதி என்று சொல்லிவிடுவார். ஆனால் ஊரில் வள்ளம் கரையில்தான் கிடக்கும், தள்ளி இறக்கினால் போதும். அதை 300 கிலோமீட்டர் தூரம் காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வேலை அங்கே இல்லை. அவர் தடித்த அலுமினியத் தகட்டால் செய்த 5.8 மீட்டர் படகு ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, கூட வரச் சொன்னார். நான்கு சக்கர ட்ரெய்லர், 150 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், எஸ்கி எனும் ஐஸ் பெட்டி, ஆங்கர், தூண்டில் தாங்கிகள் என்று உள்ளே இருப்பவை எல்லாம் சேர்த்து ஒரே விலை. ஹேஸ்டிங்ஸில் ராம்பில், அதாவது படகு இறக்கும் சரிவில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். படகு உண்மையிலேயே அருமையான படகு. வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவின் குறுக்குக் காற்றில், நீரோட்டத்துக்கு எதிராக அலை எழும் இடத்தில்கூட அது தடதடவென்று அடிக்காமல் போனது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் பேரம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

படகை ட்ரெய்லர்மேல் ஏற்றி மேலே கொண்டுவந்த பிறகு நான் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அண்ணனுக்குப் பொறுமை இல்லை. "தம்பி, வள்ளம் திறமான வள்ளம். நீர் ஏன் ட்ரெய்லருக்குக் கீழ தலையைக் குடுத்துக்கொண்டு கிடக்கிறீர்? நாலு சில்லு இருக்கு, காணாதோ?" என்றார்.

காணாது, அதாவது போதாது என்று சொல்ல வைத்தது முதலில் படகின் பின்பகுதி. 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள இன்ஜின் தொங்குவது படகின் பின்பலகையில், அதாவது டிரான்சமில். அந்தப் பலகைக்கு நேர் கீழே ட்ரெய்லரின் கடைசித் தாங்கல் இருந்தாக வேண்டும். இந்தப் படகில் கடைசித் தாங்கலான ரோலரைத் தாண்டி ஒரு சாண் நீளம் படகு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாலையில் ஒவ்வொரு குழிக்கும் அந்த 200 கிலோ மேலும் கீழும் ஆடும். தாங்கல் இல்லாத இடத்தில் படகின் அடிப்பாகம்தான் அத்தனை அடியையும் வாங்கும். ஃபைபர் படகாக இருந்தால் காலப்போக்கில் பின்பக்க அடித்தளம் வளைந்து கொக்கி போல் இறங்கிவிடும். பிறகு தண்ணீரில் வேகமெடுத்தால் அணியம் கீழே குத்தும், இன்ஜினைக் குறை சொல்லிக்கொண்டு நாம் மெக்கானிக்கிடம் அலைவோம். அலுமினியமானால் வெல்டிங்கில் விரிசல் விடும்.

படகை முன்னால் இழுத்து வைத்தால் போயிற்று என்று விற்பவர் சொன்னார். நல்ல மனிதர், ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இல்லை. ஆனால் படகின் முனையைக் கட்டி இழுக்கும் வின்ச் தூண் ஏற்கெனவே முடிந்த மட்டும் முன்னால் தள்ளிப் பூட்டப்பட்டிருந்தது. இன்னும் ஒரு சாண் முன்னால் போக ட்ரெய்லரில் இடமில்லை. அந்த ட்ரெய்லர் இதைவிடக் குட்டையான படகுக்காகச் செய்யப்பட்டது. எப்போதோ யாரோ படகை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

எடைமேடை

அடுத்து எடை. ட்ரெய்லரின் முன்பக்கத் தகட்டில் ஏடிஎம் 1,990 கிலோ என்று பொறித்திருந்தது. படகும் சாமான்களும் ட்ரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்து, காரிலிருந்து கழற்றித் தனியாக நிறுத்தினால் எவ்வளவு இருக்கலாம் என்பதன் உச்சவரம்பு அது. ட்ரெய்லரின் சொந்த எடை 570. கழித்தால் 1,420 கிலோ மிஞ்சுகிறது. படகின் எடை 860 கிலோ என்று கம்பெனி விவரத் தாளில் இருக்கிறது. "இன்னும் 500 கிலோவுக்கு மேல் இடம் இருக்கு" என்றார் விற்பவர்.

அந்த 860 வெறும் உடல் எடை. இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள், விவரத் தாள்களும் சின்ன எழுத்தில்தான் சொல்கின்றன. இன்ஜின் 200 கிலோவைத் தாண்டும். பெட்ரோல் லிட்டருக்குக் கிட்டத்தட்ட முக்கால் கிலோ, 150 லிட்டர் டேங்க் நிறைந்தால் 110 கிலோ. பேட்டரி இரண்டு இருந்தால் 40, 50 கிலோ. ஆங்கர், சங்கிலி, கயிறு. உயிர்காப்பு அங்கிகள், தீயணைப்பான், சட்டப்படி வைக்க வேண்டிய மற்ற சாமான்கள். கூரைத் துணி, பக்கத்துக் கண்ணாடித் திரைகள், இரை வெட்டும் மேசை, கூடுதலாகப் போட்ட இருக்கைகள். ஐஸ் நிரப்பிய எஸ்கி. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை போலத்தான் தெரியும். ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டினேன். 1,420 காகிதத்திலேயே நிறைந்துவிட்டது. அண்ணன் நம்பவில்லை. விற்பவரும் நம்பவில்லை. சரி, வாதாடுவானேன், நிறுத்தே பார்த்துவிடுவோம் என்று திரும்பும் வழியில் டாண்டினாங் பக்கம் லாரிகளுக்காக இருக்கும் பொது எடைமேடைக்கு வண்டியை விட்டோம்.

எடைமேடையில் இரண்டு முறை நிறுக்க வேண்டும். முதலில் ட்ரெய்லர் காரோடு மாட்டியபடியே, ட்ரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில், கார் வெளியே. அதில் 1,920 காட்டியது. இது ட்ரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை, ஜிடிஎம் என்பார்கள். பிறகு கழற்றி, முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கி வீலும் மேடைமேல் நிற்கும்படி ட்ரெய்லரைத் தனியாக நிறுத்தினோம். 2,060. லாரிக்கான மேடை என்பதால் 20 கிலோ படிகளில்தான் காட்டும், ஒரு படி முன்னே பின்னே இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 140 கிலோ. அதுதான் ட்ரெய்லரை மாட்டும் குண்டான காரின் டோ பாலை அழுத்தும் எடை. அந்த விகிதம் பரவாயில்லை. மொத்த எடையில் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் வால் ஆட்ட ஆரம்பிக்கலாம். ஆனால் 2,060 என்பது தகட்டின் வரம்பைத் தாண்டிவிட்டது. அண்ணனின் குடும்ப எஸ்யூவியின் இழுவைத்திறன் 2,000 கிலோ. அதையும் தாண்டிவிட்டது. என் கணக்குக்கும் மேலே வந்த கிலோக்கள் எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தரைக்கு அடியில் ஃபோமில் ஊறிய தண்ணீராக இருக்கலாம். ட்ரெய்லரின் சொந்த எடையைத் தகட்டில் எழுதும்போது ஸ்டெப்னியைச் சேர்க்காமலும் விட்டிருக்கலாம்.

அச்சடித்து வந்த அந்தச் சின்னச் சீட்டை அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஐஸும் மீனும் போட்டால்?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அவருக்கே கணக்குத் தெரியும்.

இந்த 1,990 எங்கிருந்து வருகிறது என்பதை யோசித்தால் முழு விஷயமும் விளங்கும். ஆஸ்திரேலியாவில் நடுத்தரப் படகு ட்ரெய்லர்களில் 1,990 அல்லது 2,000 என்ற எண்ணை அடிக்கடி பார்க்கலாம். சட்டப்படி, ஜிடிஎம் 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்குப் பிரேக் வேண்டும். 2,000 வரைக்கும் ஒரே ஆக்சிலில் பிரேக் இருந்தால் போதும், அதுவும் ஓவர்ரைடு கப்ளிங் வகையாக இருக்கலாம். கார் பிரேக் போடும்போது பின்னால் வரும் ட்ரெய்லர் முன்னோக்கித் தள்ளும், அந்தத் தள்ளலே பிரேக்கை அழுத்தும். எளிமையானது, மலிவானது. 2,000 தாண்டிவிட்டால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதை இயக்க முடிய வேண்டும், ட்ரெய்லர் காரிலிருந்து பிய்த்துக்கொண்டு போனால் தானாகவே பிரேக் பிடித்து குறைந்தது 15 நிமிடம் நிற்க வைக்கும் அமைப்பும் வேண்டும். இதற்குச் சில ஆயிரம் டாலர் கூடுதல் செலவு. அதனால் தொகுப்பு விலையைக் கட்டுக்குள் வைக்க விரும்புகிறவர்கள் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றுகொள்கிறார்கள். படகு நிஜத்தில் எவ்வளவு கனக்கும் என்று பார்த்து எழுதிய எண் கிடையாது அது. ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: எல்லாம் ஏற்றிய படகின் எடையோடு ட்ரெய்லரின் எடையைக் கூட்டி, அதற்கு மேல் 15 சதவீதமாவது இடைவெளி இருக்கும் ட்ரெய்லரை வாங்குங்கள். ஏனென்றால் படகு வயதாக ஆகக் கனக்கும், ஒருநாளும் மெலிவதில்லை. எடை மீறிய ட்ரெய்லரோடு விபத்தில் மாட்டினால் காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிடவும் கூடும்.

உப்பு எங்கே தங்கும்

எடையும் நீளமும் பொருந்திய பிறகு பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, உப்பு எங்கே தங்கும் என்பது. கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் பலமானது, மலிவானது, எந்த ஊர் வெல்டரும் சரி செய்வார். ஆனால் பெரும்பாலும் அது மூடிய பெட்டிக் குழாய். உள்ளே போன கடல்தண்ணீர் முழுதாக வெளியே வராது. வெளியே பளபளவென்று இருக்கும் சட்டம் உள்ளிருந்து தின்னப்பட்டிருக்கும். குழாயின் முனையில் டார்ச் அடித்து, ஒரு ஸ்க்ரூடிரைவரால் உள்ளே சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த ட்ரெய்லரை விட்டு நகர்ந்துவிடலாம். கால்வனைஸ் முடிந்த பிறகு துளையிட்ட இடங்களைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும், துரு அங்கேதான் தொடங்கும். இலை ஸ்ப்ரிங்குகளின் அடுக்குகளுக்கு நடுவே, யூ போல்ட்டுகளின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள்.

அலுமினிய ட்ரெய்லர் திறந்த ஐ வடிவச் சட்டம். ஹோஸைப் பிடித்தால் எல்லா இடமும் கழுவப்படும், இதே அளவில் 100 கிலோவுக்கு மேல்கூட எடை குறையும். ஆனால் அதன் ஆக்சில், ஸ்ப்ரிங், போல்ட் எல்லாம் வேறு உலோகம். உப்புநீரில் இரும்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ அலுமினியத்தோடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். நடுவே பிளாஸ்டிக் தகடு வைத்துப் பிரித்திருக்கிறார்களா என்று ஒவ்வோர் இணைப்பாகப் பார்க்க வேண்டும். விலையும் கூடுதல். இருந்தாலும் காரின் இழுவைத்திறன் இறுக்கமாக இருப்பவர்களுக்கு நான் அலுமினியத்தையே சொல்வேன். புதுக் கார் வாங்குவதைவிட அது மலிவு.

பேரிங் பற்றி எல்லோரும் பேசுவதால் ஒரே விஷயம். நீண்ட தூரம் ஓடிச் சூடான ஹப்பை உடனே குளிர்ந்த கடல்நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ராம்புக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள். தூண்டில் கட்டுவது, படகின் வடிகால் துளைக்குப் பிளக் போடுவது எல்லாம் அப்போது செய்யலாம். வழியில் நிற்கும் இடங்களில் ஹப்பைத் தொட்டுப் பார்ப்பதும் நல்லது. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பேரிங் கவனிப்பைக் கேட்கிறது என்று அர்த்தம். கிரீஸ் போட்டுத் தயாராக வைத்த ஒரு ஹப்பும் ஸ்டெப்னியும் இல்லாமல் வெளியூர் போக வேண்டாம். டயரில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும். ட்ரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வெயிலில் கிழடு தட்டிவிடுகின்றன, மேல்பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றனவே என்று ஏமாறக் கூடாது.

படகைத் தாங்க ரோலரா, வழுக்கும் நீளப் பட்டையான ஸ்கிட்டா என்ற சண்டை மட்டும் எங்கள் இருவருக்குள் லேசில் தீரவில்லை. அண்ணனுக்கு ரோலர் வேண்டும். வெஸ்டர்ன் போர்ட்டில் கடல்மட்ட ஏற்ற இறக்கம் இரண்டு மீட்டரைத் தாண்டும், வற்றிய நேரத்தில் ராம்பின் முனையில் தண்ணீர் ஆழமிருக்காது, ரோலர் இருந்தால் ஹப்பை நனைக்காமலேகூடப் படகு வழுக்கி இறங்கிவிடும் என்கிறார். நியாயம்தான். ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காத போர்ட் பிலிப் விரிகுடாப் பக்கம் மட்டும் போகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் பக்கவாட்டில் ரோலர் வைத்தால் ஒவ்வொரு ரோலரும் அலுமினியத் தகட்டை ஒரு புள்ளியில் குத்தும், உள்ளே விலா எலும்பு போல் ஓடும் சட்டம் அந்த இடத்தில் இல்லாவிட்டால் தகடு உள்வாங்கும். நீளமான ஸ்கிட் எடையைப் பரப்பித் தாங்கும். கடைசியில் நடுவே அடிக்கட்டைக்கு மட்டும் ரோலர், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூசிய ஸ்கிட் என்று ஒத்துக்கொண்டார், அரை மனதோடு.

முடிவாக என்ன செய்தார்

ட்ரெய்லர் இல்லாமல் படகை மட்டும் தருவீர்களா என்று அண்ணன் கேட்டார். விற்பவர் ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தார். அந்த ட்ரெய்லரை அவர் ஐந்து மீட்டர் படகு வைத்திருந்த இன்னொருவருக்கு விற்றார். அந்தப் படகுக்கு அது கச்சிதம். சட்டம், ஸ்ப்ரிங், பிரேக் எதிலும் குறை இல்லாத ட்ரெய்லர்தான் அது, தவறான படகின் அடியில் இருந்தது.

புது ட்ரெய்லர் செய்பவர் முதலில் கேட்டது படகின் பெயரையோ இன்ஜினையோ அல்ல. டிரான்சமிலிருந்து அணியத்தின் கொக்கி வரை எவ்வளவு நீளம், அடிப்பகுதி எத்தனை டிகிரி சரிவு, உள்ளே நீளவாட்டுச் சட்டங்கள் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகின்றன, எடைமேடைச் சீட்டு இருக்கிறதா. அந்தக் கடைசிக் கேள்வியிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அலுமினியம், 2,300 கிலோ ஏடிஎம், சொந்த எடை 430. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக். உப்புநீரில் டிரம் பிரேக் சீக்கிரம் செத்துவிடும். காரில் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் ஆன செலவில் மீன் காட்டும் புதுக் கருவி போயிற்று. பழையதையே வைத்துக்கொண்டார்.

படகை ஏற்றிய அன்று செய்பவர் கீழே படுத்து, கடைசி ஸ்கிட்டின் முனை டிரான்சமோடு ஒட்டி நிற்கும் வரை ஆக்சிலையும் வின்ச் தூணையும் மாறி மாறி நகர்த்தினார். அண்ணனும் பக்கத்தில் படுத்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். நேராக எடைமேடைக்குப் போனோம். 1,940. ஸ்டெப்னி, கப்ளிங் பூட்டு எல்லாம் சேர்ந்த கணக்கு. ட்ரெய்லருக்கு 360 கிலோ இடைவெளி, காருக்கு 60 கிலோ மட்டும். கிப்ஸ்லாந்து ஏரிக்கரையில் இருக்கும் பெயின்ஸ்வில்லுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சீட்டைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டார், 100 லிட்டர் பெட்ரோல் குறைத்தால் 74 கிலோ. "வள்ளத்துக்குப் பெற்றோலை பெயின்ஸ்வில்லிலை போய் அடிப்பம், தம்பி" என்றார்.